சுண்ணாம்புக் கணக்கு

மண் புளித்துவிட்டது என்றது
ஆய்வுக்கூடத்துத் தாள்:
ஐந்து புள்ளி நான்கு.
ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன்.
மண்ணாகத்தான் இருந்தது.

ஐயோவாவின் வடமேற்கு மூலையில்
சரளைச் சாலைகள் கட்டம் போட்ட பூமி.
அதில் ஒரு கட்டம், நூற்றறுபது ஏக்கர்.
பத்திரத்தில் கெர்ட்ரூட் டீமான்.
உழவு மட்டும் நான்.

ஏக்கருக்கு இருநூற்று எழுபது டாலர்.
பாதி மார்ச் முதல் தேதி,
விதை மூட்டைக்குள் தூங்கும்போதே.
மீதி டிசம்பரில்,
பெய்திருந்தாலும் காய்ந்திருந்தாலும்.
வாரத்துக்கு விட்டிருந்தால்
நஷ்டத்திலும் அவளுக்குப் பாதி உண்டு.
ரொக்கக் குத்தகையில்
ஆலங்கட்டி முழுக்க என்னுடையது.

லோர்னா சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்காருவாள்.
குத்தகை, விதை, உரம், டீசல்,
அறுவடை இயந்திரத்தின் தவணை.
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேல் ஒரு நம்பிக்கை:
மக்காச்சோளம் புஷலுக்கு நான்கு டாலர்.
நான்கை அழித்து மூன்றே முக்கால் என்று அவள் எழுதும்போது
நான் வெளியே போய்
டிராக்டரில் ஏதாவது பழுது தேடுவேன்.

சுண்ணாம்பு லாரியில் வந்தது,
ஏக்கருக்கு மூன்று டன்.
என் புருவம் வெளுத்தது,
நாயின் முதுகு வெளுத்தது.
"போட்ட காசு திரும்ப எத்தனை வருஷம்?"
"நாலு."
"குத்தகை எத்தனை வருஷத்துக்கு?"
நாயைத் தட்டிவிட்டேன்.
புழுதி பறந்தது.

கெர்ட்ரூட் எழுத்தில் எதுவும் கேட்டதில்லை.
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
உப்பிட்ட பன்றித் தொடை ஒன்று கொண்டுபோவேன்.
"அடுத்த வருஷமும் நீதானே" என்பாள்.
அது கேள்வியா, பதிலா என்று
பதினோரு வருஷம் நான் விசாரிக்கவில்லை.
கடைசி முறை புதுத் தாளையும் எடுத்துப்போனேன்.
ஆறு புள்ளி ஏழு!
மூக்குக் கண்ணாடி தேடிப் படித்து
மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தாள்.

ஏப்ரலில் இறந்தாள், விதைப்புக்கு நடுவே.
நகக்கண் கழுவிக்கொண்டு போய்ப் பெட்டி தூக்கினேன்.
பீனிக்ஸிலிருந்து வந்த மகன் லெய்லண்ட்
என் கையை விடவேயில்லை.
"அம்மா உங்களைப் பற்றித்தான் பேசுவாள்."

ஆகஸ்ட் இருபத்தெட்டு, பதிவுத் தபால்.
குத்தகை இத்துடன் முடிகிறது.
வரும் ஆண்டுக்கு மூடிய உறையில் ஏலம்.
தாங்களும் பங்குகொள்ள அன்புடன் அழைக்கிறோம்.
கூடவே நிலத்தின் பெருமைகள், வரிசையாக:
வடிகால் நன்று. சாலை வசதி உண்டு.
மண்ணின் புளிப்பு சீர்செய்யப்பட்டது, ஆறு புள்ளி ஏழு.
என் தாள்தான்.
மடித்த கோடுகூட நகலில் விழுந்திருந்தது.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
எனக்கு வைத்த சுண்ணாம்பு
நான் காசு கொடுத்து வாங்கியது.

நான் போட்டதற்கு நானே வாடகை கட்ட
எவ்வளவு எழுதுவது?
இருநூற்று எழுபது, எண்பது,
தொண்ணூற்றொன்றில் பென்சில் நின்றது.
அந்த ஒன்று எதற்கு என்று கேட்டேன்.
"தொண்ணூறு எழுதுகிறவனை ஜெயிக்க" என்றாள்.

தொண்ணூறு எழுதியவன் எவனும் இல்லை.

நவம்பரில் டரெல் ப்ரூம்ஸ்ட்ரா கூப்பிட்டான்.
வடிகால் குழாயின் வாய் எங்கே இருக்கிறது?
வடகிழக்கு மூலை, ஒற்றை வில்லோ மரத்தடி என்றேன்.
பனி உருகியதும் கையை விட்டு வேரை இழு,
இல்லாவிட்டால் பத்து ஏக்கர் குளம்.
சுண்ணாம்பைப் பற்றி அவன் கேட்கவில்லை.
எவ்வளவுக்கு எடுத்தாய் என்று நான் கேட்டேன்.
"முந்நூற்று நாற்பத்தைந்து."
குரல் எங்கோ நடந்து போய்த் திரும்பியது மாதிரி இருந்தது.

அன்று தானியக் கிடங்கில் விலை மூன்று டாலர் எண்பது.

லோர்னா பழைய உறையின் முதுகில்
அவனுடைய விதை, அவனுடைய உரம், அவனுடைய டீசல் என்று எழுதினாள்.
அவனுக்கு மூன்று குழந்தைகள் என்று யாரிடமோ சொன்னாள்.
கோடு போட்டாள்.
கோட்டுக்குக் கீழே வந்த எண்ணை
கையால் மறைத்துக்கொண்டாள்.